கோம்பை போர்மேன் சொன்ன பதில்

எழுபதுகளில் உத்தமபாளையம் பக்கம் மின்வாரியத்தில் லைன்மேன் பயிற்சியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில், தொழிலில் தேர்ந்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து விவரம் கேட்பேன். நாலு பேருடைய அறிமுகம் இருந்தால் வேலை நிரந்தரமாகும் என்று ஒரு நம்பிக்கை.

அப்படித்தான் கோம்பையில், ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவரைச் சந்தித்தேன். கேட்டதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னார். மதுரையில் தெரிந்த இன்ஜினியரிடம் என்னைக் கூட்டிப்போவதாகவும் சொன்னார். அந்த உற்சாகத்தில், எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்.

"சர்வீஸ்ல உங்களால மறக்க முடியாதது எதுங்கய்யா?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எம் மகனும் லைன்மேன்தேன் தம்பி. எங்கிட்டதேன் வேலை பார்த்தான். கரண்ட நிறுத்தியாச்சு, ஏறுடான்னேன். அப்பன் சொன்னதை நம்பி ஏறிட்டான். நான் நிறுத்துனது வேற லைனு."

காபி கொண்டுவந்த அவர் மனைவி, டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நீ கரண்டு கம்பத்துல ஏறுறது ஒங்க ஆத்தாவுக்குத் தெரியுமாய்யா?"

ஆபீஸ் வேலை என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும், "தெரியும்மா" என்றேன்.

"தெரிஞ்சுமா அனுப்புறாக?"

பஸ்ஸில் திரும்பும்போது அழுகையை அடக்க முடியவில்லை. அதன்பிறகும் பலரிடம் தொழிலைப் பற்றி விசாரித்திருக்கிறேன். மறக்க முடியாதது எது என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.