மனைவிக்குக் காட்டாத வயிறு

ஜெபதுரைக்கு இந்த இரண்டாவது ஆபரேஷனை நினைத்துக்கூடப் பயமில்லை. அதற்குப் பிறகு வரும் நாட்களை நினைத்தால்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அவர் மெக்கானிக். மலக்குடலில் புற்று வந்து, இரண்டு வருடங்களுக்கு முன் மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். குடல் நுனியை இடது வயிற்றில் வெளியே எடுத்துத் தைத்து, மலம் சேர அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் கதவைச் சாத்திக்கொண்டு அவரே பையை மாற்றினார். படுக்கையும் முன்னறைக்குப் போய்விட்டது. அந்த வயிற்றை அவர் மனைவி பரிபூரணம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன வருடம், வெளியே தைத்திருந்த அந்தக் குடல்வாய் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. பை சரியாக ஒட்டாமல் ஓரத்தில் கசிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மைத்துனர் இம்மானுவேல் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, என்னமோ நாறுது" என்றாள். எல்லாரும் அவரவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். கை கழுவப் போவதுபோல் எழுந்தவர் பின்வாசல் வழியாகத் தெருவுக்கு வந்தார். பஸ்ஸில் ஏறக் கூசி, ஆட்டோ பிடித்து ஊர் திரும்பினார். பிறகு மைத்துனர் வீட்டுக்கும் போகவில்லை, சர்ச்சுக்கும் போகவில்லை.

குடல்வாயை வேறு இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். "கொஞ்ச நாளைக்கு நீங்க குனிய முடியாது. பை மாத்த வீட்டு ஆள் பழகிக்கணும்."

ஆபரேஷனுக்கு முதல் நாள், புது இடத்தைக் குறிக்க நர்ஸ் பாண்டிசெல்வி மார்க்கருடன் வந்தாள்.

"சட்டையத் தூக்குங்க அண்ணாச்சி."

ஜெபதுரை மனைவியிடம், "ஏட்டி, கீழ போயி டீ வாங்கிட்டு வா" என்றார்.

பரிபூரணம் அசையவில்லை.

"கைலிய எங்க கட்டுவீங்க? உக்காந்தா எங்க மடிப்பு விழும்?" என்று கேட்டாள் நர்ஸ். அவர் சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பரிபூரணம்தான் சொன்னாள். "தொப்புளுக்குக் கீழ கட்டுவாவ. தறிக்கு அடியில குந்துனா எடது பக்கம் மடியும். அங்கதான் கசிஞ்சு கைலியில கறை படும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்? நான்தான தொவச்சேன்?"

"நீங்க தொவச்சதுல எம்புட்டு போச்சு? பொறவு நான் வெந்நியில போட்டு அலசுவேன்." அவள் குரல் உடைந்தது. "பாத்தா மூஞ்சியச் சுளிப்பேன்னு நெனச்சியளா?"

"அதில்லட்டி. என்னையவே என்னால பாக்க முடியல."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெபதுரை கண்ணை மூடிக்கொண்டு சட்டையைத் தூக்கினார். பையைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது.

"இம்புட்டுப் புண்ணோடவா தறிக்குப் போனிய?" என்றாள் பரிபூரணம். மடிப்புக்கு மேலே நர்ஸ் கறுப்பு வட்டம் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல்முறை பை மாற்றும்போது பரிபூரணம் இரண்டு தடவை கோணலாக ஒட்டிப் பிரித்தாள். அது சரியாக ஒட்டும்வரை ஜெபதுரை துண்டால் முகத்தை மூடிக் கிடந்தார்.

கசிவு நின்றுவிட்டது. புண்ணும் ஆறி, தறிக்குப் போய்வருகிறார். இப்போது அவரே மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் அவள் விடுவதில்லை. அந்தக் கொஞ்ச நேரமும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "சீக்கிரம் முடிட்டி" என்கிறார்.