வாய் சொன்னதும் விரல் தொட்டதும்

என் அண்ணிக்கு வேலையே கதவு தட்டுவதுதான். கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுவிட்டு வருவாள். ஊர்வம்பு கேட்பதற்குச் சம்பளமா என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அந்த மாதம் கிண்டல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை மறித்து யாருடைய வண்டியும் நிற்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டமே தப்பு, நான் கட்டுப்பட மாட்டேன் என்று மேடையில் அறிவித்த தலைவர், தன் வண்டிகளை அங்கேயே நிறுத்தினார். அண்ணியின் கேள்வி இதுதான்: தான் எதிர்க்கும் சட்டத்துக்கும் தலைவர் கட்டுப்பட வேண்டுமா?

கையில் ஓர் அட்டை. நீலக் கட்டத்தில் ‘வேண்டும்’, சிவப்பில் ‘வேண்டாம்’. வாய் என்ன சொன்னாலும் விரல் வைத்த கட்டம்தான் கணக்கு என்பது கம்பெனி விதி. சரிதானே என்று கேட்டு, அண்ணியும் அதே கட்டத்தைத் தொட்டுக் காட்டுவாள்.

மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். எங்கள் தெருவில் மடி காலியாக இருந்தவர்களும் தலைவரின் ஆட்களுக்குப் பயந்தார்கள். தையல்காரர் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, “அவருக்கு எதுக்கும்மா சட்டமெல்லாம்?” என்றார், விரல் நீலத்தில் இருந்தது. கணவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது அந்த வாசலில் வழி கிடைக்காமல் தவித்த மாடிவீட்டு டீச்சர், வேண்டவே வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே நீலத்தை அழுத்தினாராம். அழுத்திய அழுத்தத்தில் நகம் வெளுத்துப்போனதாம்.

ஒரு மாலை ‘மைக்’ வந்தான். தலைவருக்காகத் தெருத்தெருவாக மைக் பிடிப்பவன். அண்ணனின் வாடகைக் கார் ஸ்டாண்டில் நிற்கலாமா கூடாதா என்பதும் அவன் வாயில்தான் இருந்தது. கூட வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.

நாற்காலியை அண்ணியின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “ஊரெல்லாம் கேக்குறீங்களே அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?”

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கார் ஓட்டம் நின்றால் எங்கள் அடுப்பும் நிற்கும்.

“வேண்டாங்க. தலைவருக்கு எதுக்குக் கட்டுப்பாடு?” என்றாள் அண்ணி, குரல் பிசகாமல். ஆனால் நாள் முழுக்க ‘வேண்டாம்’ என்று காதில் வாங்கிக்கொண்டே நீலத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகிய விரல் அது. மடியிலிருந்த அட்டையில் அதுபாட்டுக்கு நீலத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அண்ணிக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மைக்குக்கும் தெரிந்தது.

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், “விரலை எடுங்கக்கா, அவங்க பாக்குறாங்க” என்றான். உடனே எழுந்து, அக்கா சரியாகச் சொன்னார் என்று வாசல் பக்கம் மேடைக்குரலில் அறிவித்துவிட்டுப் போனான்.

பிழைத்தோம் என்றான் அண்ணன். எனக்கு அப்போதுதான் பயம் கூடியது. இத்தனை நாளும் நாங்கள் பயந்தது மைக்குக்கு. அந்த மைக்கின் நெற்றியில் வியர்வையைப் பார்த்துவிட்டேனே.

அண்ணி கதவைத் தாழிட்டுவிட்டு வந்து அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். அந்த விரலை மட்டும் மடக்கியே வைத்திருந்தாள்.