அந்தச் சட்டை என்ன நிறம்

நடந்துகொண்டிருப்பவர் சட்டென்று நின்றுவிடுவார். எதிரே வருகிறவரின் சட்டையைப் பார்ப்பார். இடது கண்ணை மூடி, வலது கண்ணைப் பாதியாகச் சுருக்கி, ஏதோ முனகிவிட்டு நகர்வார். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து மனைவி பதறியிருக்கிறார். "நடுரோட்டுல யாரைப் பாத்துக் கண்ணடிக்கிறீங்க?" இத்தனை வருடத்துக்குப் பிறகு, முழங்கையைப் பிடித்து இழுப்பதோடு சரி.

கண்ணைச் சுருக்கினால் நிறம் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் நிற்கும் என்பது அவர் கணக்கு. நாளிதழ் ஒன்றில், இரங்கல் பக்கத்துக்கு வரும் கலர்ப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது அவர் வேலை. ஆபீசில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சாம்பல் அண்ணன்'தான்.

ஒரு பட்டனை அமுக்கினால் முடிகிற வேலைதானே என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். "அமுக்கிப் பாரு. மூஞ்சி சுவத்துல அப்பின சிமெண்டு மாதிரி வரும். செத்தவரை இன்னொரு தடவை சாகடிக்கணுமா?" ஒவ்வொரு படத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. தோலின் வெளிச்சத்துக்குச் சிவப்பிலிருந்து கொஞ்சம், கண்ணுக்கும் மீசைக்கும் பச்சையிலிருந்து நிறைய. நீலத்தில் பெரும்பாலும் அழுக்குதான். அதைத் தொட்டும் தொடாமலும். கலந்து முடித்ததும் மூன்றும் போய் ஒன்றே மிஞ்சும். அதனால் முதலில் நகல் எடுத்துவிட்டுத்தான் படத்தில் கை வைப்பார்.

சில வருடங்களுக்கு முன், ஒரு நாள் மட்டும் எடுக்கவில்லை.

பக்கம் அச்சுக்குப் போகிற நேரம். ஓர் அம்மா நேராக அவர் மேசைக்கே வந்துவிட்டார். வெளியூரில் மெக்கானிக்காக இருந்த மகன் விபத்தில் போய்விட்டான். போன் நொறுங்கி, உள்ளேயிருந்த மெமரி கார்டு மட்டும் தப்பியிருந்தது. அதில் இன்ஜின் படங்களாகக் கிடந்தன. அவன் முகம் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான், முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டையோடு. அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழ, இவர் கார்டைச் சொருகி, அதிலேயே திறந்து, அதிலேயே மாற்றி, அதிலேயே சேவ் செய்து மூடிவிட்டார். பையனின் முகம் அருமையாக வந்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் அம்மா திரும்பி வந்தார். "தம்பி, பெருசாப் போட்டு மாட்டலாம்னு ஸ்டூடியோவுக்குப் போனேன். கலரைக் காணோம்ங்கறாங்க."

போய்விட்டது, இனி வராது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "நான் எடுத்துத் தர்றேம்மா."

கார்டை எங்கெங்கோ கொண்டுபோனார். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் சிரித்தேவிட்டார். "அரைச்ச மாவுல இருந்து அரிசியைப் பொறுக்கச் சொல்றீங்களேண்ணே."

சரி, நாமே நிறம் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். தோல் வந்தது, தலைமுடி வந்தது, சட்டையில் மாட்டிக்கொண்டார். அவர் கலந்த கலவையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். அன்றைக்குப் படத்தில் சட்டை நிறத்தோடு கண்ணெதிரேதான் இருந்தது. அவர் பார்த்ததெல்லாம் வெளிச்சமும் நிழலும். சட்டையும் விபத்தோடு போயிருந்தது. அம்மாவைக் கேட்டார். படத்தை அழுத கண்ணோடு அவர் எத்தனை முறை பார்த்திருப்பார்? "பச்சைன்னு தோணுது தம்பி. இல்ல, செவப்போ. நீங்கதான் பாத்தீங்களே."

அன்றிலிருந்துதான் தெருவில் சட்டைகளைப் பார்ப்பது கூடியது. முன்பு நிறத்திலிருந்து சாம்பலைத் தேடியவர், இப்போது சாம்பலிலிருந்து நிறத்தைத் தேடுகிறார்.

"ஏதோ ஒரு கலரை அடிச்சுக் குடுத்துத் தொலைங்க. அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது?" என்று மனைவி கேட்டார்.

"தெரியாது. அதனாலதான் குடுக்க முடியல."

போன வாரமும் அம்மா வந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இவர் படத்தைத் திறந்து சட்டைக்குப் பச்சை கொடுத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அழித்துவிட்டுச் சிவப்பு கொடுத்தார். பையன் இரண்டிலும் ஒரே மாதிரி சிரித்தான். மூடப்போனதும், சேமிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினார். கார்டை உருவிக்கொண்டு, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்து போனார்.

"அம்மா, இதை நீங்களே..." என்று கார்டை நீட்டினார்.

அம்மா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார். "அவசரமில்ல தம்பி. உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க எடுத்துருவீங்க."

அவர் தலையை ஆட்டினார். கார்டைச் சட்டைப் பையில் போட்டு, பையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.