திகிலும் திகுலும்

அந்த ஆடி மாதம் எனக்குத் தூக்கம் நின்றுபோனது. சோறு மண்ணாக இருந்தது. நகரியில் மனைவி காஞ்சனாவை விட்டுவிட்டு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்திருந்தேன். ஊரெல்லாம் புதிது புதிதாக லாட்ஜ்கள் எழும்பிய வருடங்கள் அவை. வேலைக்குக் குறைவில்லை. எனக்குத்தான் எழுந்து நிற்கவே முடியவில்லை.

அன்பர்களே, நான் பஜனையில் கடைசி வரிசையில் உட்காருகிறவன். என்னைப் பேச வைத்ததே பெருமாள்தான். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் தெலுங்கில் கேட்டார்: "திகுலுகா உந்தா?"

பஸ்ஸுக்கும் சந்தைக்கும் போதுமான தெலுங்கு என்னிடம் இருந்தது. மனதுக்கான தெலுங்கு இல்லை. திகிலா என்று கேட்கிறார் என நினைத்தேன். பேய்க்குப் பயப்படுகிறவனா நான்? வெட்கமாக இருந்தது.

"லேது சார்", இல்லை என்றேன்.

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுபடி போனேன். அதே கேள்வி, அதே பதில். ஆவணியில் ஊருக்குப் போவதை நிறுத்தினேன். காஞ்சனாவோடு போனிலும் பேசவில்லை. பைத்தியம் பிடிக்கிறது, இனி நான் யாருக்கும் வேண்டாம் என்று தோன்றியது.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை அவளே கிளம்பி வந்து என்னை மலைக்கு இழுத்துப் போனாள். தரிசனத்துக்குக் காத்திருக்கும் கம்பார்ட்மெண்ட் முழுக்கக் கோவிந்தா முழக்கம். என் வாய் திறக்கவில்லை. "பெருமாளே, ஒரு வார்த்தை கொடு. எனக்கு என்ன என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை" என்று உள்ளுக்குள் அழுதேன்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "ஒகட்டே திகுலுகா உந்தி", ஒரே திகுலாக இருக்கிறது என்று கண்ணைத் துடைத்தார்.

அவர் முகத்தில் பயமே இல்லை. அப்படியென்றால் திகுலு என்பது திகில் இல்லையோ? முன்பின் தெரியாதவரிடம் வாழ்நாளில் முதல்முறையாக நானே வலியப் பேசினேன்.

"அம்மா, திகுலு அண்ட்டே பயமா?"

"நுவ்வு அரவவாடிவா நாயனா?" என்று சிரித்தார். நான் தமிழ்க்காரன் என்று பிடித்துவிட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பாதித் தமிழில் சொன்னார்: "பயம் இல்ல நாயனா. இக்கட பருவு. பாரம். அழுவணும்னாகூட அழுவ வராது. நீக்கு உந்தா?"

"உந்தி அம்மா", இருக்கிறது என்றேன். சொன்னதும் அழுகை வந்தது. கூடவே கோவிந்தா என்று குரலும் வந்தது.

காஞ்சனா என்னையே பார்த்தாள். "ஏன்யா, என் மேல கோவம்னு நெனச்சிக்கினு நான் ரெண்டு மாசமா சரியா துன்னாம கெடந்தேன். முன்ன குந்திக்கினு இருக்கிற அம்மாகிட்ட சொல்ல வருது, பொண்டாட்டிகிட்ட சொல்ல வரலியா?"

திங்கட்கிழமை அவளோடு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "திகுலுகா உந்தி சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். மனநல டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரையும் பேச்சுமாக மாதங்கள் போயின. தைப் பொங்கலன்று பொங்கல் இனித்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பெருமாளுக்கு எந்தப் பாஷையும் புரியும். மனிதர்களுக்குத்தான் வார்த்தை வேண்டும். அதையும் அவரே தருவார். உங்களுக்கு வார்த்தை கிடைக்காவிட்டால் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்திருப்பவரிடமும் வாயைத் திறந்து கேளுங்கள்.