வெள்ளையை நம்பி ரோத்தாங்கில் இறங்கிய என் புல்லட்

1988 ஜூன் மாதம். என் வீட்டுக்காரியின் தம்பி சலீம் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே வெட்டவெளியில் கம்பி கட்டுகிற வேலை. மரக்காணத்திலும் எங்கள் குடும்பத்துக்கு உப்பளம்தான், நிழலே கிடையாது. "பொறந்ததுல இருந்து வெயில்லயே வெந்துக்கிட்டிருக்கேன் மச்சான். திரும்பிப் போறதுக்குள்ள ஒரு தடவை பனிமலையைப் பார்த்துடணும். அடுத்த லீவு நாலு வருஷம் கழிச்சுத்தான்" என்றான். கேட்டது யாரை? என்னை! அந்த வாரமே புல்லட்டை மெட்ராஸில் ரயிலேற்றிவிட்டேன்.

சண்டிகரில் வண்டியை இறக்கி, முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஓட்டினால் மணாலி. அங்கிருந்து ரோத்தாங் கணவாய் 51 கிலோமீட்டர். உயரம் பதிமூணாயிரம் அடி என்று போர்டில் போட்டிருக்கும். நம்பாதீர்கள். ஏறினவன் சொல்கிறேன், முப்பதாயிரத்துக்குக் குறையாது. பேண்ட்டுக்கு உள்ளே ரெண்டு லுங்கி சுற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வழியில் மர்ஹியில் டீ ஒரு ரூபாய். கிளாஸை இறக்கி வைப்பதற்குள் ஆறிவிடும்.

அதற்கு மேல் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பனைமர உயரத்துக்கு ஐஸ் சுவர். வண்டிக்கே மூச்சு வாங்கியது. கணவாய்க்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது சுவர் முடிந்து வெள்ளை வெளி திறந்தது. ரோடு மட்டும் கறுப்பாக, சொதசொதவென்று. உப்பளத்தில் கறுப்பு என்றால் சேறு, டயர் இறங்கிவிடும். வெள்ளையாகக் காய்ந்திருந்தால் கெட்டி. எங்க ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஹேண்டிலை வெள்ளைப் பக்கம் திருப்பினேன்.

"மச்சான், ரோடு இந்தப் பக்கம்!"

"டேய், தரையைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

சொல்லி முடிக்கவில்லை, வண்டி உள்ளே போய்விட்டது. ஹேண்டில் மட்டும் ஆட்டுக் கொம்பு மாதிரி வெளியே நின்றது. நாங்கள் இடுப்பளவு பனியில். அந்த மலையில் எல்லாமே தலைகீழ், நான் என்ன செய்ய?

மேலே போய்க்கொண்டிருந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் ஒரு சர்தார்ஜி, இந்தியில் ஏதோ கத்தினார். சலீமுக்குத் துபாயில் பழகின இந்தி.

"என்னடா சொல்றாரு?"

"மேகம் ஏறி வருதாம். அரைமணி நேரத்துல மூடிடுமாம். அப்புறம் நம்ம கையே நமக்குத் தெரியாதாம். மேலே பார்க்கணும்னா வண்டியை விட்டுட்டு இப்பவே லாரியில ஏறச் சொல்றாரு." பிறகு அவனாகவே, "உங்க வண்டியாச்சே மச்சான். தோண்டலாம்" என்றான். ஆனால் பார்வை வண்டி மேல் இல்லை, மேலே இருந்தது.

கூடப்பிறந்த அண்ணனுக்கே அந்த வண்டிச் சாவியை நான் கொடுத்தது கிடையாது. "ஏறுடா" என்றேன்.

கணவாயில் இறங்கினோம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், ரெண்டு சிகரத்துக்கு நடுவே ஒரு ஆறு அப்படியே உறைந்து தொங்கியது. உடைந்த இடமெல்லாம் நீலம். எங்கோ உள்ளே ஐஸ் பிளக்கிற சத்தம், இடி மாதிரி. ஒன்றைப் பத்தாகச் சொல்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர் உண்டு. இதை நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

சலீம் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பனியில் நின்றான்.

"டேய் பைத்தியம், கால் மரத்துப்போயிடும்டா!"

"உப்புல நின்ன கால்தானே மச்சான், ஒண்ணும் ஆவாது." பல் தந்தியடித்தது, சிரித்துக்கொண்டே இருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் வந்து ஒரு சிகரத்தை விழுங்கியது, அப்புறம் அந்த ஆற்றை.

"போதுமாடா?"

"போதும் மச்சான். இனிமே அங்கே வெயில்ல நிக்கும்போது கண்ணை மூடிக்கிட்டா போதும்."

இறங்குகிற லாரியில் திரும்பி வந்தோம். ரோடு வேலைக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து வண்டியைத் தோண்டிக் கொடுத்தார்கள். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

இப்போது மலையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள். அதில் போகாதீர்கள், மணாலியில் பர்மிட் வாங்கிக்கொண்டு கணவாய் வழியாகவே போங்கள். விடியலில் கிளம்புங்கள், நல்ல கையுறை எடுத்துக்கொள்ளுங்கள், கறுப்பிலேயே ஓட்டுங்கள். வழியில் வண்டி மாட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டாம். வருகிற லாரியில் ஏறி மேலே போய்விடுங்கள். வண்டி அங்கேயேதான் கிடக்கும்.