புகை போக ஒரு ஜன்னல்

துணைச் சுகாதார நிலையத்தின் வாசலுக்கு வந்ததும் சமையலக்கா உடனே பேசமாட்டார். ஒரு விரலை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டுவார். மூன்றே படிகள்தான், அதற்குள் மூச்சு வாங்கிவிடும். தோள்கள் ஏறி இறங்க, கதவு நிலையைப் பிடித்தபடி நிற்பார். முதலில் சிரிப்பு வரும், அப்புறம்தான் பேச்சு வரும்.

நான் சமவெளியிலிருந்து செவிலியராக மலைமேல் எடப்புளி நாடு என்ற பகுதிக்கு மாற்றலாகி வந்த புதிது அது. அவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்காது. இருமல் என்று வந்தார், மருந்து கொடுத்தேன். அடுத்த மாதமும் வந்தார், அதே மருந்தைக் கொடுத்தேன். காசநோயாக இருக்குமோ என்று சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகி, அதோடு விட்டுவிட்டேன். பீடி குடிக்கிற ஆண்களுக்குத்தான் நுரையீரல் கெடும் என்ற நினைப்பு படித்த எனக்கும் இருந்தது. அக்கா பீடியைத் தொட்டதே இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் சோற்றுக் குண்டானை இறக்கும்போது உதடு நீலம் பாரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளே பஸ்ஸில் சேந்தமங்கலத்துக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சோதித்துப் பார்த்த அவர், எம்பைசீமா என்றார். நுரையீரலுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. பல வருஷப் புகை அவற்றின் சுவர்களை அரித்துவிட்டது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வரமுடியாமல் தேங்கி நிற்கிறது. பெரும்பாலும் பீடி சிகரெட்டால் வருவது. விறகுப் புகையும் அதைச் செய்யும். கெட்டுப்போன பகுதி இனித் திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும் என்றார். உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடக் கற்றுக்கொடுத்தார். மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி மலை ஏறியதும் கேட்டார்: “ஏனுங்க நர்சம்மா, அப்ப ஊட்ல இருக்கற கொழந்தைக்கும் இதுதானுங்களா?”

அவர் மருமகள் அப்போது நான்கு மாதக் கைக்குழந்தைக்காரி. அவர்கள் வீட்டுக்குள் அதற்கு முன்பு நான் பலமுறை போயிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது. அடுப்புக்கு மேலே விதைத் தினைக் கதிர்கள் கரி பூசிக்கொண்டு தொங்கின. அடுப்புக்கு ஓரடி தள்ளித் தொட்டில். மூலையில் அவர் கணவர் பீடி வலித்துக்கொண்டிருந்தார்.

சுவரில் ஜன்னல் வைக்கவேண்டும் என்றார் அக்கா. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. “பொகையில்லீன்னா வெதையில பூச்சி உழுந்துரும். குளுரு வேற உள்ள வந்துரும். நம்ம அப்பங்காலத்துல யாரு ஜன்னல் வெச்சாங்க?” அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மலைக்குளிரில் நானே இரண்டு போர்வை போர்த்திக்கொள்கிறவள்.

அக்கா வாதாடவில்லை. அதற்கெல்லாம் அவரிடம் மூச்சு ஏது? கடப்பாரையை எடுத்தார். இரண்டே குத்து. சுவரில் சிறு காரை பெயர்ந்து விழுந்தது. மூன்றாவதற்கு ஓங்க முடியாமல் அப்படியே சரிந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். “எனக்குப் போனது போவுட்டுங்க. அது பச்ச மண்ணு,” என்று தொட்டிலைப் பார்த்தபடி விட்டு விட்டுச் சொன்னார்.

கணவர் பீடியை வாசலில் மிதித்து அணைத்துவிட்டு உள்ளே வந்து, அக்கா கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் சுவரில் வெளிச்சம் வந்துவிட்டது. தொட்டில் வெளி அறைக்குப் போனது. பீடி உடனே நிற்கவில்லை. முதலில் வீட்டுக்கு வெளியே போனது, ஒழிய இரண்டு வருஷம் ஆனது. பள்ளியில் தலைமை ஆசிரியர், அக்காவை அடுப்பிலிருந்து காய் நறுக்கும் வேலைக்கு மாற்றினார். பிற்பாடு அங்கே கேஸ் அடுப்பும் வந்தது.

அக்கா குணமாகவில்லை. ஆனால் டாக்டர் பயந்த அளவுக்கு மோசமாகவும் ஆகவில்லை. நானும் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன். இருமிக்கொண்டு எந்தப் பெண் வந்தாலும், வீட்டில் என்ன அடுப்பு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

போன தை மாதம் மலைக்குப் போயிருந்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், இன்னும் மெலிந்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும், அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த அந்தப் பேத்தி கீழிருந்து மேட்டில் ஓடி வந்தாள். ஓட்டத்தை நிறுத்தாமலே, அன்றைக்கு வகுப்பில் நடந்த சண்டையை முழுக்கக் கத்திக்கொண்டே வந்தாள். மருமகள் அவளை அதட்டப் போனாள். அக்கா கையமர்த்தினார்.

“கத்தட்டும் உடு கண்ணு,” என்றார். “எத்தன மூச்சு வெச்சிருக்கா பாரு.”