சிம்பாங் பூலாயில் கேட்ட ஒரு கடிதம்

சிம்பாங் பூலாய் ஊரில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். கையில் மாதிரிப் பெட்டி. அருகில் நிற்கும், சுண்ணாம்புக்கல் உடைக்கும் கல்லுமலைத் தொழிலாளி அஞ்சலை அக்கா, "என்னா தம்பி அது?" என்கிறார்.

"கடலடியில குழாய் இறக்கி எடுத்த சேறுக்கா. அடுக்குக்கு அடுக்கு சுண்ணாம்பு கூடும், குறையும். அத அளந்தா உலகத்துல எப்பெப்ப பனி மூடியிருந்துச்சுன்னு தெரியும்."

"அவ்வளவு பழசையே கண்டுபிடிக்கிறீங்க. எனக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. நாங்க வேல செஞ்ச எஸ்டேட்ட மொதலாளி வித்ததும் எங்க வீட்டுக்காரரு இந்தக் கல்லுமலைக்குத்தான் வந்தாரு. சுண்ணாம்புத் தூசியிலதான் நெஞ்சடைச்சு செத்தாரு. சுருட்டாலன்னு மானேஜர் சொல்றான்லா. அவரு சுருட்டத் தொட்டதே இல்ல. தூசியாலதான் செத்தாருன்னு எழுதுங்க."

"நான் டாக்டர் இல்லையேக்கா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

வேலைச் சங்கு ஊதுகிறது. முக்காட்டை இறுக்கிக்கொண்டு, மழையோடு அதே கல்லுமலைக்கு நடக்கிறார்.